பட்டம் இணையத்தில், பாக்கு மட்டை பட்டறையில்

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தவர்கள் நம் வீடுகளில் அநேகம். இணையவழிப் பட்டத்துக்கு அன்றிருந்த இளப்பம் இன்று இல்லை. யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் முழுக்க இணையத்தில் நடத்தும் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கவும் வழி உண்டு.

படிக்கும்போதே தொழில் தொடங்குபவருக்கு இதில் பெரிய லாபம் நேரம்தான். சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் படிப்பில் பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். ஆர்டர் குவியும் மாதங்களில் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றாலும் முடித்த நிலைக்கேற்ற சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். விற்பனைக்கும் தடை குறைந்திருக்கிறது. ஜிஎஸ்டி வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரி, 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தன் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்களில் பொருள் விற்கலாம்.

சிக்கல் பொருளில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019-இல் தடை செய்தபின், மாணவர்கள் கைவைக்கத் தோதான தொழிலாகப் பாக்கு மட்டைத் தட்டு தெரிந்தது. உதிர்ந்த மட்டையை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் கட்டுப் பிரிக்குமுன்பே பூஞ்சை பிடித்துவிடும். எவ்வளவு ஈரம் அதிகம் என்பதைப் பட்டறையில் நிற்பவர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார். எந்தக் காணொலி அதைக் கற்றுத்தரும்?

போதாக்குறைக்கு, வேளாண்மை, தோட்டக்கலை, பொறியியல் பட்டங்களை இணையவழியில் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. ஆய்வகம் தேவைப்படும் படிப்புகள், நியாயமான தடைதான். ஆனால் பசுமைத் தொழிலுக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இணையத்தில் பிபிஏ படிப்பவர் கணக்கும் சந்தையும் கற்பார், மட்டையின் வேதியியலைக் கற்கமாட்டார்.

அந்த அறிவு எவ்வளவு அவசியம் என்று 2025-இல் தெரிந்தது. பாக்கின் இயற்கை ஆல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என்று சொல்லி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளுக்கு இறக்குமதி எச்சரிக்கை விடுத்தது. மக்கும் பொருள் என்பதாலேயே தட்டில் சோறு போடலாம் என்று ஆகிவிடாது.

மாணவர் போகவேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன, பட்டம் தரமாட்டார்கள். பயிற்சிக்குப் பிறகு, விற்பனைக்கு முன், தட்டை உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் செலவையும் முதலீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.