சிசுவின் மூச்சும் செவிக்கு எட்டாத ஒலியும்

பிறந்து இரண்டே நாளான சிசுவுக்குக் குடலில் அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரண சிகிச்சை செய்தாலன்றி அது பிழைக்க வழியில்லை. மயக்க மருந்து கொடுத்தபின் யந்திரமே அதற்காகச் சுவாசிக்க வேண்டும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் ஒரு மூச்சு ஏறக்குறைய 15 முதல் 20 மில்லி லிட்டர் காற்றுத்தான். அழுத்தம் மிஞ்சினால் மெல்லிய நுரையீரல் சேதமடையும். இருதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் தடைப்படும். குறைந்தாலோ, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூடிக்கொள்ளும்.

பெரியவர்களின் மார்புக்கூடு உறுதியானது. நுரையீரலை விரித்துப் பிடித்துக்கொள்ளும். சிசுவின் மார்புக்கூடோ இளகியது. மயக்கத்தில் தசைகளும் தளர்ந்துவிடவே, மல்லாந்து கிடக்கும் குழந்தையின் முதுகுப்புறத்து நுரையீரல் எளிதில் சுருங்கிவிடுகிறது. ஆகையால், மூச்சு வெளியேறிய பின்னரும் யந்திரம் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. சாதாரணமாக அது ஐந்து சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு பொருந்துமா?

இங்கேதான் ஒலி துணைக்கு வருகிறது. மனிதச் செவிக்கு எட்டுவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியே. அதற்கும் மேற்பட்ட ஒலியைக்கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்த விவரத்தைக் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயான் டொனால்டும் அவருடைய தோழர்களும் 1958-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். நுரையீரலுக்கு இம்முறை உதவாதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுமல்லவா? பிரான்ஸ் தேசத்து வைத்தியர் டேனியல் லிக்டென்ஸ்டைன் போன்றோர் அக்குறையையே குணமாக்கிக்கொண்டார்கள். காற்று நிறைந்த நுரையீரலின் மேற்பரப்பு பளிச்சென்ற கோடாகத் தெரியும். அதன் எதிரொலிகள் படிக்கட்டுகளைப்போல் கீழே வரிசையாகத் தோன்றும். காற்றிழந்து மூடிய பகுதியிலோ ஒலி உட்புகும். அவ்விடம் கல்லீரலைப் போலத் திண்மையாகக் காட்சியளிக்கும்.

வைத்தியர் விலா இடுக்கில் கருவியை வைத்துப் பார்த்தபடியே அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகிறார். திண்மை மறைந்து கோடுகள் தோன்றியதும், விரிந்த நுரையீரல் மறுபடி மூடாதிருக்கப் போதுமான அளவுக்கு அதைக் குறைத்து வைக்கிறார். இதற்கு எக்ஸ்-ரே கதிர் சிசுவின்மேல் படவேண்டியதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனினும், நுரையீரல் அளவு மீறி உப்பியதை இக்கருவி தெளிவாகக் காட்டாது. ஆதலால் ரத்த அழுத்தத்தையும் ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் இடைவிடாது கவனித்தே தீரவேண்டும். பேச அறியாத சிசுவின் நுரையீரல் தன் தேவையை இவ்வாறு தெரிவிக்கிறது. அறிந்து, அளந்து கொடுப்பது வைத்தியரின் பொறுப்பு.