வயது என்ற ஒரே ஒரு கட்டம்

பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பையனை போலீஸ் பிடித்தால் என்னவெல்லாம் செய்யக் கூடாது? 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தையும், 2016-ல் வந்த மாதிரி விதிகளையும் எடுத்து வைத்துப் படித்தால் நீளமான பட்டியலே கிடைக்கும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரும் யூனிஃபார்மில் இல்லாமல் சாதாரண உடையில்தான் வர வேண்டும்.

நல்ல சட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனா, புரோகிராம் எழுதிப் பழகினவங்க கண்ணுக்கு ஒண்ணு சட்டுன்னு தெரியும். இத்தனை பாதுகாப்பும் ஒரே நிபந்தனைக்குள் இருக்கு: வயது 18-க்குக் கீழே இருந்தால். அந்த வயதை முதலில் எழுதுவது யார்? பிடித்து வந்த போலீஸ்காரர்தான். அவர் "19" என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன எதுவும் இயங்காது. லாக்கப், மாஜிஸ்திரேட், ரிமாண்ட், ஜெயில் என்று பெரியவர்களுக்கான பாதையில் பையன் போய்விடுவான்.

இது வெறும் ஊகம் இல்லை. திகார் சிறையில் சிறுவர்கள் இருக்கிறார்கள் என்ற புகார் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. கைது செய்யும்போதே வயதை எப்படி உறுதி செய்தோம் என்று தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும் என 2012-ல் அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது.

வயதை எப்படி நிரூபிப்பது? சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. இந்தப் பட்டியலில் ஆதார் கிடையாது.

சிக்கல் அந்த மூன்றாவது படியில் இருக்கிறது. எலும்புப் பரிசோதனை இரண்டு வருடம் முன்னே பின்னே காட்டலாம் என்பதை 1982-லேயே உச்சநீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. அப்படியானால் 17 வயதுப் பையன் 19 ஆகிவிடலாம். அந்தப் படி வரைக்கும் வருவது யார்? பள்ளிக்கே போகாதவன், வீட்டை விட்டு ஓடி வந்தவன், பிறப்பே பதிவாகாதவன். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவனுக்குத்தான் துல்லியம் குறைந்த அளவுகோல்.

ஒரு ஆறுதல் உண்டு. "நான் சம்பவத்தப்போ சிறுவன்" என்று எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். வழக்கு முடிந்த பிறகும்கூட. ஆனால் லாக்கப்பில் கழிந்த முதல் ராத்திரியை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால், தெரிந்த வீட்டுப் பையன் யாராவது பிடிபட்டதாகச் செய்தி வந்தால், வக்கீலைத் தேடும் அதே நேரத்தில் இன்னொருவர் அவனுடைய பள்ளிச் சான்றிதழோடு ஸ்டேஷனுக்குப் போய்விடுவது நல்லது.