தனியே படித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பிள்ளை. தெருமுனையில் அம்பேத்கர் படத்துக்கு முன் சால்வை போர்த்தி, பொறியியல் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். முதல் செமஸ்டரில் கணக்கு அரியர். அடுத்த செமஸ்டரில் அது மூன்றாகிறது. ஒருநாள் பெட்டியோடு பிள்ளை ஊருக்கே திரும்பிவிடுகிறது. "கோட்டாவில் போனால் இப்படித்தான்" என்கிறது ஒரு குரல். "பாவம், அடித்தளம் போதவில்லை" என்கிறது அனுதாபக் குரல். நம் தெருக்களில் இரண்டையும் கேட்காதவர்கள் குறைவு.

இதே இரண்டு குரல்களும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களைப் பற்றி ஒலித்தன. அவற்றை அப்படியே ஏற்காமல், மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார் ஒருவர்.

அவர் யூரி டிரீஸ்மன். 1970-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்தார். அங்கே பொறியியலுக்கோ அறிவியலுக்கோ போக விரும்பும் எவரும் முதலாண்டு நுண்கணிதத்தைத் தாண்டியாக வேண்டும். அதை எழுதிய கறுப்பின மாணவர்களில் 60 சதவீதம் பேர் தோல்வி அல்லது அதை ஒட்டிய கடைசித் தரத்தையே பெற்றுவந்தனர். காரணம் கேட்டால் பேராசிரியர்கள் நான்கு சொன்னார்கள்: ஊக்கம் இல்லை, பள்ளிப் படிப்பு போதவில்லை, குடும்பத்தின் ஆதரவு இல்லை, வறுமை.

டிரீஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகத் தேறிவந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் சுமார் 18 மாதங்கள் கூர்ந்து கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன நான்கு காரணங்களும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கனவு கண்ட பெற்றோர் அவர்களுக்கு இருந்தனர். வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள். வாரம் எட்டு மணி நேரம்வரை உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் எப்போதும் தனியாகவே படித்தார்கள்.

சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்தபின், மாலையில் ஒன்றுகூடினார்கள். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார். ஒருவருக்கு மட்டும் தப்பாக வந்தால் பிழை அவருடையது. யாருக்குமே வரவில்லை என்றால் கணக்கு நிஜமாகவே கடினம். பழைய வினாத்தாள்கள் கைமாறின. எந்த ஆசிரியர் எப்படிக் கேட்பார் என்பதும் தெரிந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களில் ஒவ்வொருவருக்கும் தேர்வுக்கு முன்பே தெரியும். தனியே படித்தவருக்கோ தேர்வு முடிவுதான் முதல் செய்தி. அதைப் பார்த்ததும் 'எனக்குத்தான் மூளை இல்லை' என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார்.

அடுத்து டிரீஸ்மன் செய்தது இன்னும் முக்கியம். 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு' என்று பலகை மாட்டவில்லை. மாட்டியிருந்தால் சுயமரியாதை உள்ள எந்த மாணவரும் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். திறமையாளர்களுக்கான பயிலரங்கு என்று அழைத்தார். வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசித் தீர்க்கச் சொன்னார். அதில் பங்கேற்ற கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள், பங்கேற்காத தங்கள் சமூகத்தவரை மட்டுமல்ல, வெள்ளை மாணவர்களையும் விஞ்சினார்கள்.

பெர்க்லியில் ஒரு ஆய்வாளர் முன்வந்தார். இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் யாரும் வரும்வரை மாணவர்கள் காத்திருக்கவில்லை. அங்கே பொறியியல் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் பாதியில் வெளியேறிக்கொண்டிருந்தனர். ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள இரண்டு இளநிலை மாணவர்கள் 1971-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 மாணவர்கள் அங்கே கூடினார்கள். இன்றைய கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம் அப்படிப் பிறந்ததுதான்.

அவர்கள் அனுபவம் நமக்கு அந்நியமல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கர், 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பினத்தவர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். அங்கே நடந்த ஆய்வை நாம் நம் கண்ணால் வாசிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் தனியே ஒதுங்குவதற்கு இங்கே கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. விடுதி அறையில் முதல் நாள் வரும் கேள்வி, "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" அந்த எண்ணைச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, "எந்த ஊர், எந்தத் தெரு?" இரண்டுக்கும் பதில் சொல்லாமல் தப்பிக்க எளிய வழி, கும்பல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போகாமல் இருப்பது. கூச்சம் என்று ஆசிரியர்கள் நினைப்பது பல நேரம் தற்காப்பு. ஆனால் பழைய வினாத்தாளும், சீனியரின் நோட்டும், எந்தக் கம்பெனி எப்போது ஆள் எடுக்க வரும் என்ற சேதியும் அந்தக் கும்பலுக்குள்தான் சுற்றுகின்றன. தற்காப்புக்குக் கொடுக்கும் விலை அரியராக வந்து நிற்கிறது.

கதவு திறந்திருக்கிறது. ஆதிதிராவிடருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீதம் என்று போராடிப் பெற்ற வழிகள் உள்ளன. இவை இருக்கையைத் தருகின்றன. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு தோழனைத் தருவதில்லை. அதை நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு அரசு விடுதியிலும் வாரம் இரண்டு மாலை ஒரு அறை, ஒரு கரும்பலகை, அந்தப் பாடத்தைத் தாண்டிவந்த ஒரு சீனியர் போதும். 'வீக் ஸ்டூடண்ட்ஸ்' என்று பெயரிடாமல், கடினமான கணக்குகளோடு தொடங்கட்டும். வேலைக்குப் போய்விட்ட அண்ணன்களும் அக்காக்களும் பழைய வினாத்தாள்களைப் பரணில் போடாமல் விடுதிக்கு அனுப்பலாம். நம் குடியிருப்புகளில் இரவுப் பாடசாலை நடத்திய அனுபவம் நமக்கு உண்டு. அது பத்தாம் வகுப்போடு ஏன் நிற்க வேண்டும்? கல்லூரி நிர்வாகங்களும் முதல் மாதத்திலேயே எல்லாச் சமூகத்தவரும் கலந்த படிப்புக் குழுக்களை அமைக்கலாம். யாரும் யாரிடமும் போய்க் கெஞ்சி இடம் கேட்கவேண்டிய நிலை வராது.

இந்த ஆண்டு உங்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பிள்ளை, தீபாவளிக்கு ஊர் வரும். மதிப்பெண்ணை அப்புறம் கேட்கலாம். "உன்னோடு சேர்ந்து யார் படிக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அதே பாடம் படித்த ஒருவரின் கைபேசி எண்ணை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.