அறுவைக்கு முன்னே ஆகாரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குச் செல்லும் முதியவர்களுக்கு இவ்வாக்கு முற்றிலும் பொருந்தும்.

கியா பார்மிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் எப்பக்கம் நடந்தாலும் ஏற்றமும் இறக்கமுமே. கூடை சுமந்து இம்மேடுகளில் ஏறிய நம் பெரியவர்கள் இன்று பாதி வழியில் நின்றுவிட்டால், "வயதாகிவிட்டது, குளிர் வேறு" என்று விட்டுவிடுகிறோம். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றவுடன் தணியுமானால், அது காலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். புகைப்பழக்கமும் நீரிழிவும் இதற்கு முக்கிய காரணங்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே அது மிகுதி. கால் சில்லிட்டு மரத்திருந்தால் நெருப்பருகே நீட்டுவதும் வெந்நீரில் வைப்பதும் ஆபத்து, சுட்டாலும் தெரியாது.

அடைப்பு முற்றினால் பலூன் சிகிச்சையோ மாற்றுவழி அறுவையோ தேவைப்படும். ஒரே வயது, ஒரே நோய், ஒரே சிகிச்சை. ஆயினும் ஒருவர் நடந்து வீடு திரும்புகிறார், மற்றவருக்குப் புண் ஆறாமல் போகிறது. ஏன்? உடலின் இருப்பே காரணம் என்கின்றனர் மருத்துவ அறிஞர்கள். புரதம் குறைந்த உடலில் தையல் போட்ட இடம் எளிதில் கூடுவதில்லை. கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குன்றுகிறது.

இந்தத் தளர்நிலையை அளக்க, அமெரிக்காவில் லிண்டா பிரீட் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். ஓராண்டில் முயலாமலே 4.5 கிலோவுக்கு மேல் எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி வலுக் குறைதல், நடை தளர்தல், நடமாட்டம் சுருங்குதல் என்பவையே அவை. இவற்றுள் மூன்று இருந்தால் தளர்நிலை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படி. இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் குறைவதும் ஓர் எச்சரிக்கையே. ஆனால் கிருமித் தொற்றினாலும் அது குறையுமாதலால், அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

இங்கே நாம் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீரிழிவுக்காரர் மெலிந்தால், "நல்லதுதான், சர்க்கரை அடங்கும்" என்கிறோம். பயந்து பயந்து வெறும் கஞ்சியும் ரசமும் கொடுக்கிறோம். குறைந்தது கொழுப்பா, தசையா என்று பார்ப்பதில்லை. பருத்த உடலிலும் தசை வற்றியிருக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு ஆய்வில் நம் நாட்டு முதியோரில் 7.3 விழுக்காட்டினர் ஊட்டக்குறைவுடனும், மேலும் 23.5 விழுக்காட்டினர் அதன் விளிம்பிலும் இருந்தனர்.

தளர்நிலை என்று சொன்னதும் அறுவையே கூடாது என்று பொருளில்லை. எச்சிகிச்சை தாங்கும், எதைத் தவிர்க்கலாம் என்று மருத்துவரும் குடும்பத்தாரும் கலந்து முடிவெடுக்க அது உதவுகிறது. ஊட்டக்குறைவு கடுமையாக இருந்து, அறுவையைத் தள்ளிவைக்க இயலுமாயின், 7 முதல் 14 நாள் ஊட்ட உணவு கொடுத்துத் தேற்றுவது நலம் என்பது மருத்துவ நெறி. கால் கறுத்து அழுகத் தொடங்கினால் மட்டும் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 72 கிராமாவது தேவை. பருப்பு, மொச்சை, தயிர், தௌகூ, தெம்பே ஆகியவை சைவ உணவினருக்கும் கைகொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவு கூட்ட வேண்டும். அறுவை நாள் குறித்தவர்கள் விரதங்களை ஒத்திவைப்பதில் குற்றமில்லை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியை, மருத்துவர் அனுமதித்தால், நாள்தோறும் செய்யலாம்.

அன்பர்களே, ஒரு பெரியவரின் அறுவைச் செலவுக்கு உதவுவது பெரும் புண்ணியம். அத்துடன் அவர் சட்டை தொளதொளத்துவிட்டதா, தட்டில் பருப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்போமாக. கொடுத்த பொருள் பயன்தருவதும் அதனால்தான்.