மாதிரி ஹெலிகாப்டர்: எதை வலுவாக்குவது, எதை விட்டுவிடுவது?

ரேடியோ அலைகளால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரைக் காண்போர் அதனை விலையுயர்ந்த பொம்மை என்றே கருதுவர். ஆனால் கையில் ஏந்தக்கூடிய அந்தச் சிறு கருவிக்குள் பெரிய வானூர்தியின் நுட்பங்கள் பலவும் அடங்கியுள்ளன. 1970 வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் இதனைப் பறக்கவைத்துக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். இன்று மின்கலத்தால் இயங்கும் இத்தகைய ஹெலிகாப்டர்கள் நம் பிள்ளைகளின் கைக்கும் வந்துவிட்டன.

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து இல்லங்களில் லேத் இயந்திரத்தோடும் அரத்தோடும் பழகிய இளைஞர்கள் இருக்கின்றனர். ஹெலிகாப்டர் ஒருமுறை விழுந்து பிளாஸ்டிக் உறுப்பு ஒன்று முறிந்தால், "இதையே அலுமினியத்தில் கடைந்து போட்டால் என்ன?" என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. பட்டறை அருகில் இருக்கும்போது கை சும்மா இருக்குமா? எனினும் அந்த எண்ணத்தில் பாதிதான் சரி.

காரணம் இதுதான். விழும்போது உண்டாகும் அதிர்ச்சி எங்கேனும் ஓரிடத்தில் செலவழிந்தே ஆகவேண்டும். தரையிறங்கும் பிளாஸ்டிக் கால்கள் முறிந்தால் அதிர்ச்சி அங்கேயே அடங்கிவிடும். கால்களை இரும்பாக்கிவிட்டால் அது மேலேறிச் சட்டத்தைப் பிளக்கும். சட்டத்தையும் கெட்டியாக்கினால் நடுத்தண்டு வளையும். பிளாஸ்டிக்கால் ஆன பெரிய பல்சக்கரமும் இவ்வாறே. அதன் பற்கள் சிதைவதால் மோட்டார் பிழைக்கிறது. மலிவான உறுப்பு தன்னைப் பலிகொடுத்து விலையுயர்ந்ததைக் காக்கிறது. அதனை வலுவாக்குவது வீண்செலவு.

இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். இறக்கையைப் பற்றியிருக்கும் அலுமினியப் பிடியோ முறியாமல் மயிரிழை அளவே வளைந்து நிற்கும். அடுத்த முறை பறக்கும்போது அது நடுக்கத்தை உண்டாக்கும். நடுக்கம் திருகுகளைத் தளர்த்தும்.

இந்த நடுக்கத்தை ஏன் அஞ்சவேண்டும்? ஒரு கணக்கைப் பாருங்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்திற்கு 2,600 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. 30 கிராம் எடையுள்ள ஓர் இறக்கை தன் பிடியை ஏறக்குறைய 45 கிலோ பளுவுக்கு இணையான விசையோடு வெளிநோக்கி இழுக்கிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கி உயிரிழந்தார். ஆகவே வெடிப்புற்ற இறக்கையைப் பசையிட்டு ஒட்டவே கூடாது. அதனை இரண்டாக முறித்துக் குப்பையில் போடுவதே நல்லது. முழுதாக வைத்திருந்தால் தம்பிமார் எடுத்து மாட்டிவிடுவர்! வளைந்த தண்டினைத் தட்டி நிமிர்த்துவதும் ஆகாது.

அப்படியானால் வலுவூட்டத் தக்கவை எவை? வால்குழாயைத் தாங்கும் மெல்லிய குச்சிகளுக்குப் பதிலாகக் கார்பன் இழைக் குச்சிகளைப் பொருத்தலாம். முனைகளை நூலால் நெருக்கமாகச் சுற்றி அரால்டைட் பசை பூசினால் நெடுநாள் நிற்கும். கார்பன் தகட்டுச் சட்டத்தின் விளிம்புகளை நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து மழுக்கவேண்டும். இல்லையேல் அவை மின்கம்பியின் உறையை அறுத்துவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் தீப்பற்றவும் கூடும். அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் முகத்தை மூடிக்கொண்டு, அடுப்படிக்கு வெளியே இவ்வேலையைச் செய்க. புதிய நைலான் உறுப்புகளைச் சிறிது நேரம் கொதிநீரில் இட்டால் அவை நீரை உறிஞ்சி, எளிதில் நொறுங்காத தன்மை பெறும். (உம்மாவின் கறிச்சட்டியை இதற்கு எடுக்கவேண்டாம்.) உலோகத்தில் உலோகம் பொருந்தும் திருகுகளுக்கு மட்டும் திருகுப்பசை ஒரு சொட்டு இடுக, சில வகைப் பிளாஸ்டிக்கை அது வெடிக்கச் செய்யும்.

எடை கூட்டாமல் வலிமை கூட்டுவதே வானூர்திக் கலையின் உயிர். இராமேஸ்வரத்தில் பிறந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம் அவர்கள், ஏவுகணைக்கென உருவான எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் காலணைக்கருவி செய்வித்தார். மூன்று கிலோவுக்கு மேல் கனத்த உலோகக் கருவியின் இடத்தில் 300 கிராம் கருவி வந்தது. அதே எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

பழுது பார்த்தபின் முதலில் இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டி, நடுக்கம் உண்டா என்று பாருங்கள். பின்னர் வெட்டவெளியில், பத்து மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று பறக்கவிடுங்கள். மீஞ்சூர்ப் பெற்றோர்க்கு மேலும் ஒரு சொல்: காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் அருகிலிருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் ஆளில்லா வானூர்தி விதிகளின்படி சிவப்பு வட்டாரத்தில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும். திடலைத் தேர்ந்தெடுக்குமுன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்துவிடுங்கள்.