கோடை விடுமுறையும் நம் குழந்தைகளின் படிப்பும்

ஏப்ரல் மாதத்தில் ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தின் கதவு மூடப்படுகிறது. மறுபடி அது திறக்கப்படுவது ஜூன் மாதத்தில். இடையே கழியும் வாரங்களைப் பற்றி அங்கத்தினர்களோடு கலந்து பேச விரும்புகிறோம். நூல் விலையையும் உர இருப்பையும் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போது அதைத் தாமே படித்துப் பார்க்க இயலாமல் எழுத்தரின் முகத்தைப் பார்த்து நின்றவர்கள் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் தட்டுத் தடுமாறியேனும் ஒரு பக்கத்தைப் படித்து முடித்த குழந்தை, ஜூன் மாதத்தில் அதே பக்கத்தின் முன் திகைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தந்தை முடிவு கட்டிவிடுகிறார். குழந்தையும் அதை நம்பிவிடுகிறது. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிப்பு நின்றுபோகும் பல வீடுகளில், அதன் விதை இங்கேதான் விழுகிறது. உண்மையில் அக்குழந்தையின் அறிவில் குறை ஏதுமில்லை. தேர்ந்த நெசவாளர் இரண்டு மாதம் தறிக்குழியில் இறங்காவிட்டாலும் அவர் கை தொழிலை மறவாது. நேற்று நாடா எறியப் பழகிய சிறுவனோ மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுத்தும் அப்படியே. புதிதாகக் கற்றவர்க்கே அது விரைவில் மறக்கிறது.

அமெரிக்காவில் கோடை விடுமுறை பத்து வாரங்கள் வரையும் அதற்கு மேலும் நீள்வது. அந்நாட்டில் ஹாரிஸ் கூப்பர் என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் முன்னர் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விடுமுறையில் குழந்தைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கின்றனர் என்றும், கணக்கிலும் எழுத்துக் கூட்டலிலும் இழப்பு மிகுதி என்றும், வாசிப்பில் பின்தங்குவோர் பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளே என்றும் அதில் கண்டனர். இழப்பின் அளவைப் பற்றிப் பிற்காலத்தார் சிலர் ஐயம் எழுப்பியதும் உண்டு. அயல்நாட்டுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது.

ஆனால் நம் நாட்டிலேயே கண்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அக்காலக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், அவர்கள் மிகவும் பின்தங்கியிருக்கக் கண்டனர். எனினும் பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யின் மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். அவ்வகுப்புகளை நடத்தியவர்கள் அந்தந்த ஊரில் வாழ்ந்த தன்னார்வலர்களே. திண்ணையில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்ததற்கு அத்தனை பலன் இருந்தது என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெற்றோர் ஆசிரியராக மாற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: குழந்தை உரக்கப் படிக்கும்போது அருகில் அமர்ந்து கேட்பது. நாள்தோறும் கால்மணி நேரம் போதும். அடுப்படியில் இருந்துகொண்டே கேட்கலாம். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று இடையில் வினவினால், குழந்தை பொருளுணர்ந்து படிக்கிறதா, வாயால் ஒப்பிக்கிறதா என்பது விளங்கிவிடும். படிப்பதற்குப் பாடப்புத்தகமே வேண்டுமென்பதில்லை. கிளை நூலகத்துக் கதைப்புத்தகமும், செய்தித்தாளும், சங்கத்திலிருந்து வரும் அறிவிப்பும் ஆகும். புத்தகத்தை முகத்தருகே பிடித்துப் படிக்கும் குழந்தையை, அல்லது படிக்கச் சொன்னாலே தலைவலி என்னும் குழந்தையைக் கடிந்துகொள்ளுமுன் அதன் கண்ணைச் சோதிப்பித்தல் நலம். விடுமுறையே அதற்கு ஏற்ற காலம்.

கணக்கு விஷயத்தில் நம் வீடுகள் எந்தப் பள்ளிக்கும் தாழ்ந்தவையல்ல. 40-ஆம் நம்பர் நூல் என்கிறோம். அந்த 40 என்னவென்று குழந்தைக்கு எப்போதேனும் சொல்லியிருக்கிறோமா? நூற்பாலைக் கணக்கில் ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் அத்தகைய சிட்டம் 40 இருந்தால் அது 40-ஆம் நம்பர். அரைக் கிலோவுக்கும் குறைவான அந்நூலைப் பிரித்து நீட்டினால் எவ்வளவு தூரம் போகும் என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையைப் பெருக்கச் சொல்லுங்கள். 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். நம் ஊரிலிருந்து அது எந்த ஊர் வரை எட்டும் என்று கேட்டால் குழந்தை தானே தேசப்படத்தைத் தேடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிவதன் காரணமும் அப்போது யாரும் சொல்லாமலே புலப்படும். அங்குலத்துக்கு 80 இழை, அகலம் 48 அங்குலம் என்றால் பாவில் எத்தனை இழை என்பதும், கரையில் வரும் பூவைக் கட்டத்தாளில் இழை எண்ணி வரைவதும் இவ்வகையினவே.

உழவர் வீட்டில் இதற்குக் குறைவில்லை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 25 அடிக்கு ஒன்றாகத் தென்னை வைத்தால் ஏறத்தாழ 70 மரம். 6 அடிக்கு ஒன்றாக வாழை வைத்தால் 1,210. தாளில் போட்ட பின் தோட்டத்துக்குப் போய் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை ஒத்து வராது! வரப்புக்கும் வாய்க்காலுக்கும் போன இடம் எவ்வளவு என்பது அடுத்த கணக்கு. பக்கம் நேரான ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்தால் கோடை மழையை அளவுகோலால் அளந்து தேதியோடு குறித்து வரலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். அப்படியாயின் 10 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் 40,000 லிட்டருக்கு மேல் கொண்டுவந்து ஊற்றுகிறது. நம்மில் பெரியவர் பலரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

வட்டிக் கணக்கை மட்டும் விட்டுவிடலாகாது. 6,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம் நான்கு மாத வட்டி 180 ரூபாய். அதே தொகையைத் தனியாரிடம் மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால் நான்கு மாதத்துக்கு 720 ரூபாய். மகளோ மகனோ இதைக் கையால் எழுதிக் காட்டும்போது, சங்கம் எதற்கென்று நாம் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தறியும் நிலமும் பாடமாகலாம் என்றோம். அதைச் சாக்காக்கிக் குழந்தையை நாள் முழுதும் இராட்டையில் உட்காரவைத்துத் தார் சுற்றச் சொல்வது பாடமன்று, வேலை. கூலி போதாத வீட்டில் ஒரு சிறு கை கூடினால் எவ்வளவு உதவி என்பதை நாம் அறியாதவர்களல்லர். ஆயினும் 2016-இல் திருத்திய சட்டம் பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. படிப்புக்குக் குந்தகமின்றி, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. அரைமணி நேரம் அருகிருந்து காண்பதும் கேட்பதும் எண்ணுவதும் உதவி. அதற்கு மேல் போனால் ஜூன் மாதத்தில் பள்ளிக்கு அனுப்ப மனம் வராமற்போவதையும் கண்டிருக்கிறோம். கத்திரி வெயிலில் குழந்தைகள் மர நிழலில் விளையாடுவதையும் உறங்குவதையும் குறைவாக எண்ண வேண்டாம்.

எல்லா வீட்டிலும் புத்தகம் இராது. எல்லாத் தாய்தந்தையர்க்கும் மாலையில் ஓய்வும் இராது. அங்கேதான் சங்கத்துக்கு இடம் இருக்கிறது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கூட்டுறவுக் கடை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். பிற்காலத்தில் அவர்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நூலகமும் நடத்தினர். மாவும் சர்க்கரையும் விற்ற கடையில் அதற்கும் இடம் கண்டார்கள்.

நம் சங்கங்களில் விதிகள் இடமளிக்கும் அளவில் பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை விடுமுறைப் படிப்பகத்துக்கு ஒதுக்குமாறு பொதுக்குழுவில் கோரலாம். பெரும் செலவு இல்லை. சங்கத் தாழ்வாரத்தில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒரு விளக்கும், இரண்டு பாயும், வயதுக்கேற்ற நாற்பது ஐம்பது கதைப்புத்தகங்களும் போதும். ஊரில் கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவர் முறைவைத்து வந்தால் நடந்துவிடும். புத்தகம் கிழிந்துபோகுமே என்று பூட்டிவைக்காமலிருக்கச் செயலாளர்களை வேண்டுகிறோம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மே முதல் வாரத்தில் தொடங்குவதாயின் தீர்மானம் ஏப்ரல் கூட்டத்திலேயே வர வேண்டும். தாழ்வாரத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.