விதைக் கணக்குத் தீர்க்கும் கூடல்

ஆண்டுக்கொரு முறை, வைகாசியில் ஒரு சனி, ஞாயிறு, எங்கள் டெல்டா பகுதி உறுப்பினர்கள் யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுகிறோம். மேடை, மாலை கிடையாது. முக்கிய வேலை விதைக் கணக்குதான். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் வழக்கமாக்கிய அதே முறை: 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்ப வேண்டும்.

இந்த முறை வந்த மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு கைப்பிடியை உமி நீக்கிப் பார்த்தோம். சிவப்பு அரிசிக்கு நடுவே வெள்ளை அரிசி! கொண்டுவந்தவர் எங்களில் மூத்தவர். யாருக்கும் வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "இது விதைக்கு ஆகாதுய்யா. கஞ்சிக்குப் போடுங்க."

வாடகைக்கு வந்த அறுவடை இயந்திரத்தில் முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கிறது. அந்தப் பை நாலு ஊருக்குப் போயிருந்தால் நாலு ஊரிலும் ரகம் கெட்டிருக்கும்.

ஞாயிறு காலை பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பூக்கும்போதும் அறுப்புக்கு முன்பும் வயலில் இறங்கி, உயரமோ நிறமோ மாறிய பயிரைப் பிடுங்கிவிடுங்கள். வரப்போரத்தை விட்டு நடுவயலில் விதைக்கு ஒதுக்குங்கள். அதை மட்டுமாவது கையால் அறுத்து, கூட்டிப் பெருக்கிய களத்தில் அடியுங்கள்.

மூத்தவருக்கு இன்னொருவர் 2 கிலோ புது விதை கொடுத்தார். அடுத்த கூடலுக்கு வருகிறவர்கள், கொண்டுவரும் விதையில் ஒரு கைப்பிடியை வீட்டிலேயே உமி நீக்கிப் பார்த்துட்டு வாங்க.